வாகைத் திணையில் ஒரு சிறுவன்

கரும்பலகையில் முதலில் என்ன வார்த்தை எழுதுவது என்பதிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. குழந்தை, சிப்பாய், இரண்டும் வெறும் பெயர்கள். தமிழில் எழுதப் போனால் 'படைவீரர்' என்று வருகிறது. பத்திரிகைக்காரர்கள் 'ராணுவ வீரர்' என்கிறார்கள். அந்த ஆள் என்ன செய்தார் என்று விசாரிப்பதற்கு முன்பே வீரம் சொல்லுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. முகாம் சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பவரும் ராணுவ வீரர்தான். 'போராளி' இன்னும் மோசம். அதில் நியாயமும் சேர்ந்துகொள்கிறது. 'சிறுவர் போராளிகள்' என்று நம் தினசரிகள் எழுதும்போது கண்டிக்கிறார்களா மெச்சுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. கடைசியில் 'சிப்பாய்ப் பிள்ளைகள்' என்று எழுதினேன். ஒன்பதாம் வகுப்பு சிரித்தது. சிரித்தது நல்லதற்குத்தான்.

எப்போதும்வென்றானில் தமிழ் வாத்தியாராக இருக்கிறவனுக்கு வீரத்திலிருந்து தப்ப வழி கிடையாது. ஊர்ப் பெயரே அப்படி. அது எப்படி வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எல்லாக் கதையிலும் யாரோ ஜெயிக்கிறார்கள். பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டை 1801இல் விழுந்தது. 1974இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டைக்குத்தான் நாங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். ஆண்டுவிழா மேடையில் கரித்துண்டால் மீசை வரைந்த பையன் ஒருவன் 1959இல் வந்த படத்தின் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். கீழே அவன் அம்மா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தோற்றுப்போன யுத்தம் அது என்பது அந்தப் பத்து நிமிஷத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விடியற்காலையில் நாற்கரச் சாலையோரம் பையன்கள் ஓடிப் பழகுகிறார்கள். உளுந்தும் பாசியும் மழையை நம்பி நிற்கிற மானாவாரிக் கரிசலில் பட்டாளம் என்பது ஒரு சம்பளம். அந்தச் சம்பளத்தை ஏளனம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. 2022 முதல் அதற்கு அக்னிவீர் என்று பெயர். டெல்லியும் வீரத்தைச் சொல்லுக்குள் பொதிந்துதான் அனுப்புகிறது. பதினேழரை வயதில் எடுத்துக்கொள்கிறார்கள். போரில் சிறார்களை ஈடுபடுத்துவது பற்றிய ஐ.நா. நெறிமுறையை இந்தியா 2005இல் ஏற்றபோது, பதினாறரை வயதிலிருந்து சேர்ப்போம், பதினெட்டு ஆகும் முன் களத்துக்கு அனுப்பமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. பின்வரிசைப் பையன்களுக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்திருந்தது. நான் சொன்ன காரணத்துக்காக அல்ல. சேருவதற்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்த நெறிமுறை 2000 மே மாதம் ஐ.நா. சபையில் நிறைவேறி, 2002 பிப்ரவரி 12இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் பிப்ரவரி 12இல் உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் சிவப்புக் கைரேகை பதித்து இதைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் உலகப் பிரச்சினை என்ற தலைப்பில் கிடைக்கிற படங்களெல்லாம் சியரா லியோன், லைபீரியா, காங்கோ, உகாண்டா. தொளதொளத்த சட்டை, தோளில் துப்பாக்கி, பனிரெண்டு வயது. ஒரு படத்தைக் கையில் கொடுத்துச் சுற்றவிட்டேன். சர்க்கஸ் நோட்டீஸைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவன் கேட்டான்: "சார், அந்தத் துப்பாக்கி எம்புட்டு வெயிட்டு இருக்கும்?"

அபத்தமான கேள்வி போலத் தோன்றினாலும் விஷயத்தின் மூலத்துக்குப் போகிற கேள்வி அது. காலித் துப்பாக்கி நாலு கிலோவுக்குக் கிட்ட. இங்கே ஒரு பெண்பிள்ளை இடுப்பில் சுமந்துவரும் தண்ணீர்க்குடம் அதைப்போல் மூன்று மடங்கு. கிராசா மாஷெல் 1996இல் ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கை இதைச் சொல்கிறது: ஆயுதம் லேசாகி, மலிவாகி, கழற்றி மாட்டச் சுலபமானதும் ஒரு குழந்தையைச் சிப்பாயாக்குவது சாத்தியமாகிவிட்டது. அந்தம்மாள் மொசாம்பிக்கில் கல்வி மந்திரியாக இருந்தவர். துப்பாக்கியின் எடை ஒரு பள்ளிக்கூட விஷயம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

படத்தை வாங்கி மேஜைக்குள் வைத்துவிட்டேன். ஆப்பிரிக்கா எங்கள் கண்ணுக்கு ரொம்பச் சௌகரியமான இடம். தூத்துக்குடிக் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததைப் பேசத்தான் சௌகரியம் இல்லை. பேசினால் இனத்துரோகி என்பார்கள், பேசாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இந்த இரண்டில் எது வாத்தியாருக்கு உகந்தது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து ஜனங்கள் இயக்கக்காரர்களைப் 'பெடியள்' என்றுதான் சொன்னார்கள். பையன்கள். அதில் வாஞ்சை இருந்தது, உரிமை இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெடியளில் பலர் இருபதைத் தாண்டியவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள். பிறகு பதினாறு, பதினைந்து, பதினாலு என்று இறங்கி நிஜமான பையன்களே போனபோது, அதைச் சொல்லத் தனியாக வார்த்தை மிச்சம் இல்லை. பாஷை முன்கூட்டியே அவர்களுக்கு இடம் ஒதுக்கி வைத்துவிட்டது. சிவரமணி என்ற பெண் மட்டும் அந்த ஊர்ச் சிறுவர்களின் விளையாட்டைப் பார்த்து, கம்பு எப்படித் துப்பாக்கியாகிறது, இரவின் சத்தங்கள் ஒரு குழந்தையை எப்படி ஊமையாக்குகின்றன என்று கவிதையில் எழுதினாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. 1991 மே மாதம், கையிலிருந்த கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டாள். எஞ்சிய கவிதைகளை நம் சிறு பத்திரிகை வட்டத்தில் படிக்காதவர் குறைவு. பெண்ணெழுத்து, ஈழத்தெழுத்து என்றெல்லாம் பேசினோம். குழந்தைகளைப் பற்றியும் அவள் எழுதியிருக்கிறாள் என்பது அந்தப் பேச்சில் அமுங்கிப்போயிற்று.

விடுதலைப் புலிகள் மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் ஒரு சௌகரியம். 1983க்குப் பிறகு பயிற்சி முகாம்கள் தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்தன, இந்திய அரசின் கையும் அதில் இருந்தது. 1989இல் இந்திய அமைதிப்படை திரும்பத் தயாரானபோது, ஈ.பி.ஆர்.எல்.எஃப். போன்ற அமைப்புகள் இந்திய ஆதரவுடன் 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று ஒன்றைக் கட்டினார்கள். ஆள் எங்கே? தெருவில், பஸ்ஸில், டியூஷனுக்குப் போகிற வழியில் பையன்களைப் பிடித்தார்கள். சில வாரப் பயிற்சி, கையில் துப்பாக்கி. 1990 மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினான். பிடித்துவந்த பையன்கள் புலிகளின் முன்னால் நின்றார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இருக்காது. அமைதி காக்கப் போன படை என்பதால்.

இதையெல்லாம் அங்கேயே இருந்து எழுதி வைத்தவர்கள் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற சிறு குழு. அமைப்பின் பெயரிலேயே 'ஆசிரியர்கள்' இருக்கிறது. அவர்களில் ஒருவரான ரஜனி திராணகம, யாழ்ப்பாணத்தில் உடற்கூறியல் கற்பித்தவர், 1989 செப்டம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நான் வகுப்பில் பேசுவதற்கு எனக்கு என்ன ஆபத்து? ஒரு மெமோ வரலாம்.

1998 மே மாதம் ஐ.நா.வின் சிறப்புத் தூதர் ஒலாரா ஒட்டுன்னு வன்னிக்குப் போனபோது, சிறுவர்களைச் சேர்க்கமாட்டோம் என்று புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். 2003 முதல் 2008 முடிய யூனிசெஃப் பதிவு செய்த சிறார் சேர்ப்பு 6,000த்துக்கு மேல். சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருஷங்களும் இதில் அடக்கம். பள்ளிக்கூடங்களுக்கு வந்து பேசினார்கள், படம் போட்டுக் காட்டினார்கள், தெருக்கூத்து நடத்தினார்கள். கோயில் திருவிழாவில் வைத்துப் பிடித்துப் போனார்கள். கடைசி வருஷங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று கணக்கு. பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்தவர்கள் உண்டு, அவசரக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் உண்டு. 2004இல் பிரிந்துபோன கருணாவின் ஆட்களும் பிறகு கிழக்கில் பிள்ளைகளைத் தூக்கினார்கள். இலங்கைப் பாதுகாப்புப் படையில் சிலர் அதற்கு உடந்தை என்று 2006இல் ஐ.நா. தரப்பில் வந்த ஆலன் ராக் சொன்னார். 2009இல் எல்லாம் முடிந்தபின் சிறுவர் படையினர் என்று கணக்கெடுக்கப்பட்டுப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்கள் 594 பேர். 6,000த்துக்கும் 594க்கும் நடுவே இருப்பதைப் பிள்ளைகள் நோட்டில் கழித்துப் பார்த்தார்கள். வயது ஏறிப் பெரியவர்களானவர்கள், விடுவிக்கப்பட்டவர்கள், தப்பியவர்கள் எல்லாரும் அந்த மீதியில் உண்டு, எல்லாரும் செத்தவர்கள் அல்ல என்று விளக்கினேன். கணக்கு வாத்தியார் செய்யவேண்டிய வேலை.

என் வேலை புறநானூற்றின் 279ஆம் பாட்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பாடத்திட்டம் மாற மாற அது உள்ளே வரும், வெளியே போகும். பாடத்தில் இல்லாவிட்டாலும் தமிழாசிரியர்கள் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை. முந்தாநாள் போரில் தகப்பன் செத்தான் (தமையன் என்றும் பொருள் கொள்வார்கள்), நேற்று புருஷன் செத்தான், இன்று பறை கேட்கிறது. ஒரே மகனைக் கூப்பிட்டு வேலைக் கையில் கொடுத்து, வெள்ளைத்துணி உடுத்தி, பரட்டைத்தலைக்கு எண்ணெய் தடவி அனுப்புகிறாள். திராவிட இயக்க மேடைகள் இந்தத் தாயைச் சுமந்து திரிந்தன. ஈழத்தில் அவள் பிரசாரத்துக்கே வந்துவிட்டாள்.

மாசாத்தியாரை இப்படி மேடைக்காரர்களிடம் விட்டுவிட்டது விமர்சகர்களின் சோம்பேறித்தனம். பாட்டு அவளை வாழ்த்தித் தொடங்கவில்லை. அவள் நெஞ்சு கெட்டழியட்டும் என்று தொடங்குகிறது. அதையும் ஒரு பாராட்டு முறை என்று உரை சொல்லி நமக்குப் பழக்கிவிட்டார்கள். பறை கேட்டு விரும்பினாள் என்பதோடு பாட்டு நிற்கவில்லை, மயங்கினாள் என்றும் சொல்கிறது. இரண்டு நாளில் இரண்டு பிணம் பார்த்தவளுடைய மயக்கம் அது. வீரம் என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. ஏடுகளில் கண்ட திணையும் துறையும் மட்டும் நம்மை அதட்டுகின்றன: வாகைத் திணை, மூதின்முல்லை. வாகை வெற்றிக்கு உரியது. இந்தப் பாட்டில் ஜெயித்தவன் யார்? இரண்டு பேர் செத்திருக்கிறார்கள், மூன்றாமவன் போய்க்கொண்டிருக்கிறான். பொன்முடியாரின் 312ஆம் பாட்டை எடுத்துக்கொண்டால் தாய்க்கு ஒரு கடமை, தகப்பனுக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று. ஊரே சேர்ந்து ஒரு பையனை உற்பத்தி செய்கிறது. அந்தப் பட்டியலில் வாத்தியார் இல்லை. அவரைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள்.

பாட்டைச் சொல்லிவிட்டு ஒன்றும் விளக்காமல் நின்றேன். ஒரு பெண் கேட்டாள்: "சார், அந்தப் பையன்கிட்ட யாராச்சும் கேட்டாகளா?" கேட்கவில்லை. பையன் பாட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்னொருத்தி, எண்ணெயைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவும் காலையில அப்படித்தான் சார் தேச்சு விடுவாக, பள்ளிக்கூடத்துக்கு." வகுப்பு முழுவதும் எண்ணெய்த் தலைகள். தேங்காய் எண்ணெய் வாசனை மதிய வெயிலில் அந்த அறையில் நின்றுகொண்டே இருக்கும். மாசாத்தியார் அந்த ஒரு காரியத்தை ஏன் விடாமல் எழுதினாள் என்று இவ்வளவு காலம் எந்த உரையாசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. வேல் அவனைப் போர்க்களத்து ஆளாக்குகிறது, எண்ணெய் அவனை அவள் பிள்ளையாகவே வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே கையால் நடக்கின்றன. அப்புறம் நான் அவர்களுக்குச் சொன்னேன்: இயக்கம் பிடித்துக்கொண்டு போன பெண்பிள்ளைகளுக்கு முதலில் கூந்தலைக் கத்தரித்துவிடுவார்கள். ஓடி வந்தாலும் தலை காட்டிக்கொடுத்துவிடும். 2004 ஏப்ரலில் கருணா படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளைப் புலிகள் மறுபடி தேடி வந்தபோது, தலைமயிர் வளரும் வரைக்கும் வெளியே வர முடியவில்லை. பெண்பிள்ளைகள் பக்கம் சத்தமே இல்லை.

பையன்கள் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. "அசுரன்ல சின்னப் பையன் செஞ்சது சரிதானே சார்?" பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது, சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது, கொன்றுவிட்டு ஓடுகிறான். 2019இல் சினிமா அதை அய்யாவின் கதையாக்கிவிட்டது, நட்சத்திரம் அய்யாவாக நடித்ததால். நாவலில் பையன் பசியோடு திரிகிறான், அம்மாவை நினைக்கிறான், காட்டில் எதைத் தின்னலாம் என்று பார்க்கிறான். அவன் செய்தது சரியா என்று பூமணி தீர்ப்புச் சொல்லவில்லை. அவனைச் சிறுவனாகவே வைத்திருக்கிறார், அதுதான் கஷ்டம். நாவலைப் படித்துவிட்டு வந்து கேள் என்றேன். இரண்டு பேர் படித்தார்கள்.

தானாக விரும்பித்தானே போனார்கள் என்பது அடுத்த கேள்வி. எப்போதும் வருகிற கேள்வி. இயக்கமும் அதைத்தான் சொன்னது. இதற்கு நான் பதில் சொல்வதற்குள் ஒரு பையன், எங்க ஆச்சி தீப்பெட்டி ஆபீஸுக்குத் தானாத்தான் போச்சாம் சார் என்றான். எட்டு வயதில். விடியுமுன் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையை எழுப்பி, தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இருட்டின பிறகு வந்து இறக்கிவிடும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஒரு தலைமுறை இப்படித்தான் வளர்ந்தது. பூமணியே 'கருவேலம் பூக்கள்' என்று படம் எடுத்தார். 1996 டிசம்பர் 10இல் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன வழக்கு சிவகாசிப் பிள்ளைகளை முன்னிட்டு வந்ததுதான். இரண்டும் ஒன்றா என்று கேட்டால் ஒன்றில்லை. தீப்பெட்டி ஆபீஸ் யாரையும் கொல்லச் சொல்லவில்லை. ஆனால் 1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட 182ஆம் உடன்படிக்கை, குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்கள் என்ற ஒரே பட்டியலில் கொத்தடிமையையும், கட்டாயப்படுத்திப் போருக்குச் சேர்ப்பதையும் வைக்கிறது. இந்தியா 2017இல்தான் அதை ஏற்றது. "ஆச்சி விரும்பித்தான் போச்சா?" என்று பையனைக் கேட்டேன். யோசித்தான். "பஸ்ஸில ஏற ஆசையா இருந்துச்சாம் சார்." காங்கோவின் லுபாங்கா வழக்கில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2012இல், பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் சம்மதம் ஒரு சாக்காகாது என்று சொல்ல நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியது. பையனின் ஆச்சி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

வயது என்பதே எங்கள் பக்கம் ஒரு தோராயம்தான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் பள்ளியில் சேர்க்கலாம்; வாத்தியார் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். என் சான்றிதழில் இருப்பதும் அப்படி ஒரு தேதிதான். 1989இன் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை பதினைந்து என்றது, பிந்தைய நெறிமுறை பதினெட்டு என்றது. காகிதம் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்த எண்கள் எதைக் காப்பாற்றும்? துப்பாக்கியைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பதும் காதைத் தொடச் சொல்வது மாதிரிதான்.

எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். அந்த மாதிரி முகாம்களிலிருந்து பெயின்ட் வேலைக்கு ஆட்கள் சுற்று வட்டாரம் முழுக்கப் போய்வருவார்கள். அப்படி எனக்குப் பழக்கமான ஒருவர், எண்பத்தொன்பதில் டியூஷன் போகிற வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். எந்த ஊர், யார், எத்தனை நாள் என்று நான் கேட்டதில்லை. வகுப்புக்கு வந்து பத்து நிமிஷம் பேசுகிறீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சேர். பிள்ளையள் கை தட்டுவினம்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னது நிஜம். எந்தக் கதையை எப்படிச் சொன்னாலும் அதில் ஒரு பையனும் ஒரு துப்பாக்கியும் வந்துவிட்டால் பின்வரிசையில் கண்கள் மினுங்குகின்றன. பயங்கரத்தைச் சொன்னால் பயங்கரத்துக்கு மினுங்குகின்றன. இதைச் சொல்லித்தர விரும்புகிறவர்கள் சாட்சிகளைக் கூட்டிவர வேண்டும், படம் காட்ட வேண்டும் என்றெல்லாம் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. எண்ணெய், கூந்தல், ஆபீஸ் பஸ், நாலு கிலோ. இவற்றுக்கு யாரும் கை தட்டவில்லை.

அரைப் பரீட்சைக்கு நானே ஒரு கேள்வி சேர்த்தேன்: 279ஆம் பாட்டில் மகன் பேசுவதாக ஐந்து வரி எழுதுக. பாதிப் பேர், அன்னையே விடைகொடு, பகைவரை வென்று வருவேன் என்று நோட்ஸ் நடையில் எழுதியிருந்தார்கள். அதற்கும் மதிப்பெண் போட்டேன், பிழையில்லாமல் எழுதியிருந்ததால். ஒருத்தி, வெள்ளாட்டுக்குக் குழை ஒடித்துப் போட இனி ஆள் இல்லை, அம்மாவுக்கு மரம் ஏறத் தெரியாது என்று எழுதியிருந்தாள். கடைசி வரிசையில் ஓடிப் பழகுகிற பையன், தாளில் ஒரே வரிதான். அந்த வேல் அப்பாவுடையதா, அப்பா கையிலிருந்து அதை யார் எடுத்து வந்தது என்று கேட்டிருந்தான். எனக்குத் தெரிந்த எந்த உரையிலும் அந்தக் கேள்வி இல்லை. பொதுத்தேர்வில் இப்படி எழுதினால் பூஜ்யம்தான், அங்கே மறக்குடி மகளிரின் மாண்பு என்று தலைப்பிட்டு எழுதுங்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். அவன், இங்க எழுதுனதுக்கு எம்புட்டு சார் என்றான்.